வேதாசலம் பெரியவரா, தேசிங்கு பெரியவனா

மாசி 3, புதன்

காலையில் நல்ல பனி. பாகூர் கொம்யூன் (பஞ்சாயத்து) ஆபீசில் பிறப்பு மூன்று, இறப்பு ஒன்று பதிந்தேன். மேசை இழுப்பறை மறுபடியும் சிக்கிக்கொண்டது.

மாலை வெல்ல ஆலையில் பேச்சு. கொப்பரையைச் சுற்றிப் பத்துப் பேர். எல்லாம் தேசிங்கு கதைதான். பூரணாங்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, இருபத்து மூன்று வயது, புதுச்சேரியில் குத்துச்சண்டை போட்டு இதுவரை தோற்றதில்லை. இவனைப் போல் ஒருவன் இந்தப் பக்கம் பிறந்ததே இல்லையாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் வேதாசலம் மாமா, சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது குத்துச்சண்டையில் பெரிய பெரிய கப்பல்காரர்களைக் கீழே தள்ளியவர், அவர் கால் தூசிக்குப் பெறுவானா இவன் என்று கேட்டுவிட்டேன். சண்டை முற்றியது.

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன்.

கால் வேகம்: தேசிங்கு. (மாமாவை அந்த வயதில் நான் பார்த்ததில்லை. கேள்விதான்.)
அடியின் கனம்: மாமா.
அடி தாங்குவது: மாமா. அந்தக் காலத்துக் கையுறை மெல்லிசு.
பழக்கம்: தேசிங்குக்குச் சொல்லித்தர ஆள் உண்டு. மாமா அடி வாங்கியே கற்றவர்.
எதிராளிகள்: மாமா. தன்னைவிடக் கனத்தவர்களோடு மோதியவர்.
வெற்றி: தேசிங்கு தோற்றதே இல்லை. மாமா தோற்றிருக்கிறார், தன்னைத் தோற்கடித்தவனையே தேடிப்போய் ஜெயித்தும் இருக்கிறார். எது பெரிது?

மாமாவை எதிர்த்து நின்றவர்கள் யாரையும் தேசிங்கு பார்த்ததில்லை. தேசிங்கு அடித்தவர்களை மாமா பார்த்ததில்லை. எதை வைத்து அளப்பது?

மாசி 5, வெள்ளி

நான் வைத்த வினை. இருவரையும் மோதவிட்டே பார்த்துவிடலாம் என்று ஆலைக்காரர் முடிவு செய்துவிட்டார். வரும் 14, ஞாயிறு. ஏரிக்கரைக்குக் கீழே, அறுப்பு முடிந்த வயலில். தேசிங்குக்கு ஆள் போய், அவனும் சரியென்றானாம். மாமாவைக் கேட்ட உடனே ஒப்புக்கொண்டாராம். வயது நாற்பத்தொன்று.

பகலில் அக்கா அஞ்சலை வந்தாள். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுச் சொன்னாள். மாமாவுக்கு இடது கண் ஒரு வருஷமாக மங்கல், இப்போது ஓரத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. இன்னொரு அடி பட்டால் கண் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கே இன்றுதான்.

"நீதான்டா பேச்ச ஆரம்பிச்ச. நீயே நிறுத்து," என்றாள். மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மாசி 6, சனி

மாமா தோட்டத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம், நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். நிறுத்தாமல் தாண்டினார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காய்ச்சல்னு வூட்ல குந்தினு இருந்தா, சைகோன்ல நான் நின்னதெல்லாம் பொய்யின்னு ஆயிடும்டா," என்றார்.

கண்ணைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வாங்க வேண்டியது: சைக்கிளுக்கு டியூப், மை.

மாசி 7, ஞாயிறு

சைக்கிளில் பூரணாங்குப்பம். யாரிடமும் சொல்லவில்லை. பின் டயரில் காற்று இறங்கி, கடைசி ஒரு மைல் தள்ளிக்கொண்டே போனேன்.

தேசிங்கு கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். நல்ல மரியாதை. கட்டுமரத்தின் மேல் உட்காரச் சொன்னான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மீன் விலை கேட்டேன். பிறகு, மாமாவின் உடம்பு முன்போல் இல்லை என்று இழுத்தேன்.

"அவரு கண்ணுதானண்ணா? எனக்குத் தெரியும்," என்றான். போன மாதம் சந்தையில் மாமாவின் இடது பக்கம் வந்து நின்றானாம். கூப்பிடும்வரை ஓர் ஆள் நிற்பதே மாமாவுக்குத் தெரியவில்லையாம்.

அப்படியானால் வராதே என்றேன். வராவிட்டால் பயந்துவிட்டான் என்று குப்பமே பேசும், அவர் வராவிட்டால் அவரை அப்படிப் பேசுவார்கள் என்றான். என்னதான் செய்வாய் என்றதற்கு, "வர்றேண்ணா," என்பதோடு சரி.

நல்லவன் என்று மனசு சொல்கிறது. ஆனால் களத்தில் இறங்கி அடி விழுந்த பிறகு யார் நல்லவன்? அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

மாசி 10, புதன்

ஆபீசில் ஒரு குழந்தையின் பெயரைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். ஆபீசின் பெரிய துரை முறைத்தார்.

மாசி 14, ஞாயிறு

முடிந்தது.

வயல் நிறையக் கூட்டம். வில்லியனூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா வரவில்லை.

முதல் சுற்று மாமாவுடையது. மூன்று அடி சுத்தமாக விழுந்தது. தேசிங்கின் உதட்டில் ரத்தம். நம் ஊர்க்காரர்கள் கத்தினார்கள், நான் இல்லை. மாமாவின் இடது கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் சுற்றில் பையன் சுற்றிச் சுற்றி வந்தான். அடியெல்லாம் விலாவில், வயிற்றில். எல்லாம் இடது கை. வலது கை அவன் தாடையை விட்டு நகரவே இல்லை. அந்தக் கை வந்தால் நேரே மாமாவின் இடது கண்தான்.

மாமாவுக்கும் புரிந்துவிட்டது. மூன்றாம் சுற்று நடுவில் கையைத் தாழ்த்திவிட்டார்.

"வலது கைக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லண்ணா. வேணாம்," என்றான் தேசிங்கு.

மாமா கையுறை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எனக்கு இடது கண்ணு தெரியாது. இவனுக்கு அது தெரியும். அதான் ஒத்தக் கையால ஆடினான். ஒத்தக் கையாலயே என்னை ஜெயிச்சுட்டான்."

அப்போது தேசிங்கு, யாரும் கேட்காமலே, முதல் சுற்றில் வாங்கினதே இன்னும் தாடையில் இருக்கிறது, இவர் இருபது வயதில் இருந்திருந்தால் நான் ஒரு சுற்றுகூட நின்றிருக்க மாட்டேன் என்றான். ஆலைக்காரருக்கு ஆறவில்லை. அப்போ யார்தான் பெரியவன் என்று கேட்டார்.

"போயி வெல்லத்தக் காய்ச்சுபா," என்றார் மாமா. கூட்டம் சிரித்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள். பிறகு அழுதாள். பிறகு, "அந்தப் புள்ள சாப்டுச்சாடா?" என்றாள். தேசிங்கு அக்கா வீட்டில்தான் சாப்பிட்டான். மூன்று முறை சோறு.

அவன் போனதும் மாமா கேட்டார், நீ போய்ச் சொன்னாயா என்று. போனது உண்மை, ஆனால் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது என்றேன். அவர் திட்டவில்லை.

மாசி 16, செவ்வாய்

ஆபீசுக்கு லீவு. மாமாவோடு புதுச்சேரி ஆஸ்பத்திரி. டாக்டர் விளக்கை வைத்து இரண்டு கண்ணையும் பார்த்தார். இடது கண் இருந்தபடியே இருக்கிறது, மோசமாகவில்லை. வலது கண் நன்றாக இருக்கிறது. இனி சண்டை கூடாது. மாமா தலையாட்டினார்.

வெளியே வந்து காப்பி குடித்தோம். அக்காவுக்குக் கதம்பம் வாங்கினார்.

பஸ்ஸில் நான் அவருக்கு வலது பக்கம் உட்காரப் போனேன். "இந்தப் பக்கம் குந்துடா, எனக்குத் தெரியாத பக்கம்," என்றார், நாலு பேர் காதில் விழ. அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.