மூன்றாம் மாதிரி, வீட்டுக் கிணறு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வரி வரமாட்டேன் என்கிறது. நீ சுகமாகத்தான் இருப்பாய், நல்ல தண்ணீர் குடிக்கிறாயே. போனில் என்றால் நான் அழுவேன், நீ வேலை இருக்கிறது என்பாய், அதனால்தான் கடிதம்.

உன் ஆராய்ச்சிக் கட்டுரை வந்ததும் அப்பா அதைக் கடையில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கி வந்தார். நம் கொல்லை எலுமிச்சை இலையைத்தானே நான் நிழலில் காயவைத்துப் பொட்டலம் கட்டி அனுப்பினேன், அதை நீ மூடிய பாத்திரத்தில் வேகவைத்துக் கரியாக்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாக்கி, ஊதா விளக்கில் நீலமாக ஒளிர வைத்தாயாம், தண்ணீரில் விஷ உலோகம் இருந்தால் அந்த ஒளி மங்கிவிடுமாம். இலை என்னுடையது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். எதிர் வீட்டுக் கெமிஸ்ட்ரி டீச்சரிடம் கொடுத்து, தமிழில் சொல்லம்மா என்று உட்கார்ந்தேன். நன்றாகத்தான் படித்துக்கொண்டு வந்தாள், ஓர் அட்டவணை வந்ததும் நிறுத்திவிட்டாள். மூன்றாம் மாதிரி, முலாம் பூசும் பட்டறைக்குப் பின்புறம், வீட்டுக் கிணறு, குடிப்பவர்கள் நான்கு பேர், குரோமியம் அளவுக்கு மேல். அக்கா, இது உங்க கெணறு மாதிரி இருக்கே என்றாள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு லீவில் வந்தபோது நீ விட்டுப்போன இலைத்துகள் கரைசல் குப்பியும் ஊதா டார்ச்சும் அலமாரியில் இருந்தன. நானும் டீச்சரும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தம்ளரில் கடைத் தண்ணீர், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர் வைத்துச் சொட்டு விட்டுப் பார்த்தோம். கடைத் தண்ணீர் நீலமாக நின்றது. நம் தண்ணீர் அணைந்துபோனது. அப்போதுதான் நினைவு வந்தது, நீயும் அன்றைக்கு இதே குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் இருந்தாய். வெளியே வந்து வயிறு சரியில்லை என்றாய். கிளம்பும்வரை பத்து நாளும் கடைத் தண்ணீர்தான் குடித்தாய். பெரிய மனுஷனாகிவிட்டான், நம் கிணறு இவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கேலி செய்தேன், நீ சிரித்தாய்.

தம்ளரில் பார்த்த அன்றே போனில் கேட்டதற்கு, கட்டுரை வர்றதுக்கு முன்னாடி வெளியே சொல்லக்கூடாதும்மா, இன்னொரு மெஷின்ல பார்த்து உறுதி பண்ணணும்னு சார் சொல்லிட்டார் என்றாய். உறுதியாகும்வரை நீ கடைத் தண்ணீர் குடிப்பாய், நாங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க வேண்டுமா? அதைக் குடிக்காதே அம்மா என்று ஒரு வார்த்தை போதுமே, காரணம் கேட்டிருப்பேனா? நீ சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்? பட்டறைக்காரனிடம் சண்டைக்குப் போனேன், தெரியாதுங்க என்று கையை விரித்தான். பொய்யாகவே இருக்கட்டும், உன்னால் அதைக்கூடச் சொல்ல முடியாது.

அப்பா மோட்டார் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். உறை போட்ட கட்டுரையை டிவி மேலிருந்து எடுத்துவிட்டார், எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. உன் பேச்சை எடுத்தாலே தங்கச்சி எழுந்து போகிறாள். அவளுக்குப் பாப்பா பிறந்தபோது பொம்மை அனுப்பினாயே, அந்தப் பார்சலில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கலாம். பாப்பாவுக்குப் பத்து மாதம் ஆகிறது, பால் பொடி கரைத்ததெல்லாம் அந்தத் தண்ணீரில்தான். டாக்டர் ரத்தமும் சிறுநீரும் எடுத்திருக்கிறார், வியாழக்கிழமை முடிவு வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வாய் சொல்கிறது, அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. இனிமேல் இலை கேட்காதே. ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அட்டவணையில் நான்கு பேர் என்று போட்டிருக்கிறாய், நீ வந்தபோது நான், அப்பா, தங்கச்சி, மாப்பிள்ளை. இப்போது ஐந்து பேர். திருத்திவிடு.

இப்படிக்கு,
அம்மா