மிக் பெட்டியின் அடியில்

போடிநாயக்கனூர்,
12.06.2023

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். அங்கு நீயும் அவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தத் தடவையும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பால்சாமி கடையில் டைப் அடித்துத்தான் அனுப்புகிறேன். நான் சொல்லச் சொல்ல அவன் அடிக்கிறான். "என்னண்ணே, இது மகளுக்கு லெட்டரா, ஏரோப்ளேன் ஆர்டரா?" என்று கேட்டுச் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

போடிமெட்டுக்கு மேலே மழை பிடித்துவிட்டது. புது ஏலக்காய் ஏலத்துக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். கம்பெனியில் என்னைக் காய் தரம் பார்க்கும் மேஜையிலிருந்து எடுத்துவிட்டு வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். வயதாகிவிட்டதாம். வாசலில் காற்று நன்றாக வருகிறது, எனக்குக் குறை இல்லை.

நீ அனுப்பிய ஸ்பிட்ஃபயர் மாடல் விமானம் கட்டி முடிந்து, உன் அம்மா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. டாமியா கம்பெனிக்காரன் பாகங்களைப் பசை போடும் முன்னாலேயே ஒன்றோடு ஒன்று நிற்கும்படி செய்கிறான். விமானப்படையில் பதினெட்டு வருடம் ரிவெட் அடித்தவன் சொல்கிறேன், நிஜ விமானம்கூட அப்படிப் பொருந்தாது.

அடுத்து மிக்-21 கட்ட ஆசை. நான் கை வைத்து வேலை பார்த்த விமானம். நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் கிடைக்குமா என்று பார். பாகங்கள் பெரிதாக, தடிமனாக, எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் நல்லது. அவசரமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ப. மொக்கச்சாமி


நகோயா,
03.07.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. டைப் அடித்த கடிதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கையெழுத்துக்கூட வெறும் ரப்பர் ஸ்டாம்ப். உங்கள் எழுத்தைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் மேல் இருக்கும் கோபத்தில் பேனாவையும் எடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறீர்களா?

செழியனைக் கல்யாணம் செய்த செய்தியைச் சொன்ன அன்று, "இனி ஒம் பேச்சு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். நானும் உங்கள் மகள்தான், அதன் பிறகு போன் செய்யவில்லை. ஆறு மாதம் கழித்து உங்களிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "டாமியா பசை, பச்சை மூடி போட்டது, ஒரு பாட்டில் அனுப்பவும்." அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், பிறகு அழுதேன். அந்தப் பசையில்தான் நாம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். மூன்று கம்பெனிகளின் மிக்-21 கிட் இருந்தன. சீனத்து டிரம்பீட்டரில் நீங்கள் கேட்ட பெரிய அளவு இருக்கிறது. பெட்டியே சூட்கேஸ் மாதிரி. கட்டி முடித்தால் அதைத் தொங்கவிட வேறு வீடுதான் பார்க்க வேண்டும். எழுபத்திரண்டில் ஒன்றுக்கு மேல் பெரிதாக வாங்குகிறவன் குடோன் வைத்திருப்பவன் என்று சொன்னது யார்? ஹசெகாவா பழைய அச்சு, பாகம் குறைவு, ஒரு வாரத்தில் முடித்துவிடுவீர்கள். அப்புறம் செக் நாட்டு எட்வர்ட். எழுபத்திரண்டில் ஒன்றுதான், ஆனால் விமானி அறையின் மீட்டர்கள், பெல்ட்டின் கொக்கி எல்லாம் பித்தளைத் தகட்டில் வெட்டியிருக்கிறான். ஏலக்காய் விதையை விடச் சின்ன பாகங்கள். கடைக்காரர், "இதற்குக் கை வேண்டும்" என்றார். என் அப்பாவிடம் இருக்கிறது என்றேன்.

எட்வர்ட்தான் அப்பா. உங்கள் பேச்சைக் கேட்கப் போவதில்லை. செப்டம்பரில் அனுப்புகிறேன்.

பதிலைக் கையால் எழுதுங்கள்.

அன்புடன்,
பிரியா


நகோயா,
04.09.2023

அப்பா,

நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கிட் கொண்டுவருவீர்கள். பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சீட்டு ஒளித்து வைத்திருப்பீர்கள். கடைசிச் சட்டத்தை எடுக்கிறவரை அதைப் பார்க்க முடியாது. "பிரியாவுக்கு நாளைக்கு பரோட்டா" என்று இருக்கும். இன்று நான் உங்களுக்குச் சீட்டு வைக்கிறேன். தபால் உறையில் போட்டு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டி வந்த அன்றே எல்லாவற்றையும் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது உங்கள் வழக்கம். அதனால் அன்றே பார்த்துவிடுவீர்கள்.

எனக்கு ஐந்து மாதம் அப்பா.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவார்கள். அம்மா இல்லாத வீடு என்றாலும் அது என் வீடுதானே. எனக்கு இங்கே பயமாக இருக்கிறது. செழியனுக்கு ஷிப்ட் வேலை, பகலெல்லாம் தனியாகத்தான் இருக்கிறேன். போடியில் நம் வாசலில் நின்றால் மலை தெரியுமே, அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது.

நான் வரட்டுமா? "வா" என்று ஒரே ஒரு எழுத்து எழுதினால் போதும். நவம்பர் இருபதுக்குப் பிறகு விமானத்தில் ஏற டாக்டர் விடமாட்டார். பதிலில் இதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை என்றால், வர வேண்டாம் என்று புரிந்துகொள்கிறேன். மறுபடி கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

பிரியா


27.9.23
(தபாலில் சேர்க்கவில்லை)

தாயி,

பெட்டி வந்தது. திறக்கவில்லை. மேல் மூடியில் படத்தை மட்டும் பார்த்தேன். பிறகு பரணில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

வலது கை ஒன்றரை வருடமாக நடுங்குகிறது. இப்போது இடதும். தேனி டாக்டர் நரம்பு என்கிறார். மாத்திரை தருகிறார். டம்ளரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். ஸ்பிட்ஃபயர் கட்டி முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. அதுதான் கடைசி.

இதை உனக்கு எப்படிச் சொல்வேன்? விமானம் கட்ட முடியாதவனுக்கு நீ எதற்குப் பெட்டி அனுப்பப் போகிறாய்? பெட்டி நின்றால் கடிதமும் நின்றுவிடும்.

இந்த எழுத்தைப் பார்த்தால் நீ பயந்துவிடுவாய். அனுப்ப மாட்டேன்.


போடிநாயக்கனூர்,
05.10.2023

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

எட்வர்ட் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. வழக்கம்போல் அன்றே எல்லாச் சட்டங்களையும் எடுத்துக் கழுவிக் காயவைத்து வேலையை ஆரம்பித்துவிட்டேன். நீ சொன்னது சரிதான், நல்ல நுணுக்கம். பித்தளைத் தகட்டில் மீட்டர் முள்கூடத் தெரிகிறது. இறக்கைகள் பொருந்திய விதத்தைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. படம் பிறகு எடுத்து அனுப்புகிறேன்.

இங்கு காய் வரத்து மும்முரமாகிவிட்டது. ஜீப்புகள் காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஊர் முழுக்க ஏலக்காய் வாசம்.

அடுத்து என்ன கிட் பார்த்து வைத்திருக்கிறாய் என்று எழுது. இங்கிலாந்து ஏர்ஃபிக்ஸில் ஏதாவது கிடைத்தாலும் சரி.

இப்படிக்கு,
உன் அப்பா,
ப. மொக்கச்சாமி


நகோயா,
24.10.2023

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாவற்றையும் எடுத்துக் கழுவினீர்கள் என்று தெரிந்துகொண்டேன். வேறு விசேஷம் இல்லை என்றும் தெரிந்துகொண்டேன்.

எனக்கு இனிச் சோலி அதிகம். கடைப் பக்கம் போக முடியுமா என்று தெரியவில்லை. மிக் நன்றாக வரட்டும்.

முத்துப்பிரியா


போடிநாயக்கனூர்,
18.05.2024

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு,

நலம். பொங்கலுக்கு ஒன்று, சித்திரையில் ஒன்று என இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. விலாசம் மாறிவிட்டதா? கிட் எதுவும் அனுப்ப வேண்டாம். நலம் என்று ஒரு கார்டு போட்டால் போதும்.

"ஒரு போன் போட்டுப் பாருங்கண்ணே" என்று பால்சாமி சொல்கிறான். பேச வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதோடு, உனக்கும் என்மேல் என்ன வருத்தமோ.

இப்படிக்கு,
உன் அப்பா,
ப. மொக்கச்சாமி


போடி
9.11.24

என் தாயி பிரியாவுக்கு,

கையால் எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஐப்பசி மழையில் ஓடு ஒழுகிப் பரண் நனைந்துவிட்டது. பெட்டிகளை இறக்கிப் பால்சாமி சாக்கில் காயப் போட்டான். மிக் பெட்டி ஊறி அடி பிரிந்துவிட்டது. சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தவன், "அண்ணே, இதுல ஒரு லெட்டரு கெடக்கு" என்றான். என்னால் பிரிக்க முடியவில்லை. அவன்தான் பிரித்துப் படித்தான். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். மீதியையும் படி என்றேன்.

பதினான்கு மாதம் தாயி. என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

நான் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கழுவினேன் என்றது பொய். கட்டினேன் என்றது பொய். என் கை போய்விட்டது. சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். அப்போது எழுதி அனுப்பாமல் வைத்திருந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் படித்தால் என் நிலைமை உனக்குத் தெரியும்.

நீ வரட்டுமா என்று கேட்டதற்கு வேறு விசேஷம் இல்லை என்று பதில் எழுதினேனே. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.

குழந்தை நலமா? நீ நலமா? அதை மட்டுமாவது சொல்.

வா. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வாருங்கள். அன்றைக்கு எழுத வேண்டியதை இன்றைக்கு எழுதுகிறேன். வா.

அப்பா


நகோயா,
01.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்ததும் ஏதோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். உள்ளே பிரித்த பிறகுதான் தெரிந்தது. நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். செழியனிடம் கொடுத்தேன்.

பெண் குழந்தை அப்பா. பவதாரணி. ஜனவரி பதினேழில் பிறந்தாள், நலமாக இருக்கிறாள். எனக்குத்தான் அன்று கஷ்டமாகிவிட்டது, பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். "உங்கள் வீட்டிலிருந்து யார் வருகிறார்கள்?" என்று நர்ஸ் தினமும் என்னைக் கேட்டாள். யாரும் இல்லை என்று ஜப்பானிய மொழியில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. தமிழில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். நவம்பர் இருபது வரைக்கும் தினம் மூன்று தடவை தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கும் சித்திரையிலும் வைகாசியிலும் நீங்கள் எழுதியவை பிரிக்காமலே இருக்கின்றன. நானும் பிரிக்கவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான்.

கை நடுங்குகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அன்றே கிளம்பி வந்திருப்பேன். கிட்டுக்காகவா உங்களுக்கு எழுதினேன்? உங்களுக்கு எழுத வேண்டும் என்பதற்காகத்தான் கிட் வாங்கினேன். மீட்டருக்கும் ரிவெட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

வா என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடம் முழுக்க நான் காத்திருந்த எழுத்து அது. இப்போது வந்திருக்கிறது, எனக்குக் கிளம்பத் தோன்றவில்லை. இதை மறைத்து, ஆகட்டும் அப்பா என்று எழுதலாம். நாம் சொன்ன பொய் போதும். உங்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பத்து நாளை யாரும் திருப்பித் தர முடியாது. அது ஆறுகிறவரை என்னை வா என்று கூப்பிடாதீர்கள்.

போன் செய்யுங்கள். நம்பர் மாறவில்லை. நான் செய்ய மாட்டேன், வேண்டாம் என்றவர் நீங்கள், நீங்கள்தான் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பவதாரணி விழித்திருப்பாள். பேச்சு வரவில்லை என்றால் சும்மா பிடித்துக்கொண்டிருங்கள்.

இத்துடன் ஒரு கிட் அனுப்புகிறேன். பசை வேண்டாம், பெயின்ட் வேண்டாம். ஒன்பது பாகங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என்று போட்டிருக்கிறது. "மகளுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். அப்பாவுக்கு என்றேன்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்கிறேன். பாகங்களுக்கு அடியில் எதுவும் வைக்கவில்லை, தேட வேண்டாம்.

பிரியா