நாற்பத்தொன்பது கிலோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து. நூறு கிலோ மக்னீசியம் சல்பேட் உப்பை முதல்முறையாக உலையில் காயவைத்தேன், நாற்பத்தொன்பதுதான் தேறியது. "மீதிய வித்துட்டியா?" என்று புது மேலாளர் எல்லோர் முன்னும் என் பையைக் கவிழ்த்தார். உன் போட்டோவும் மாற்றுத்துணியும்தான் விழுந்தன.

ஆய்வகக்காரர் வந்து சிரித்தார். "திருட்டு இல்ல சார். உப்புல பாதிக்கு மேல தண்ணி. மக்னீசியம் அயனி ஆறு தண்ணி மூலக்கூறப் பிடிச்சிருக்கும், சல்பேட் அயனி ஒண்ணு. சூடு ஏறினா ஏழும் போயிடும்."

மேலாளர், "சரி சரி, வேலையப் பாரும்மா" என்றார். அவ்வளவுதான். விழுந்ததை நானே பொறுக்கினேன்.

நீ தைத்த சட்டைகள் தொளதொளக்கின்றன. அடுத்ததை இரண்டு அங்குலம் பிடித்துத் தை. சைரன் ஊதிவிட்டது. உப்பு பாதியானதற்கு ஊரையே கூட்டினார்கள். நான் பாதியானதை ஒருவரும் கேட்கவில்லை.

உன் மகள்