மூன்றாம் ஆள்

லண்டன்

அன்பின் அத்தானுக்கு,

கர்த்தரின் கிருபையால் நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் முறைகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி இங்கே ஒரு தரவுத்தளம் உருவாக்குகிறோம். ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் தனித்தனியே வாசிப்போம். முடிவு வேறுபட்டால் மூன்றாம் ஆளைக் கேட்போம்.

பக்கத்து வீட்டு நிஷாந்தினி தினமும் வந்து போவதாக மாமி எழுதியிருக்கிறா. உங்கள் கடிதத்தில் அவள் பெயரே இல்லை. அதனால் போனில் மகளைக் கேட்டேன்.

"ஓம் அம்மா, அன்ரி வாறவ. உங்களைவிட வடிவாத் தலை பின்னிவிடுவா" என்றாள்.

உங்கள் மேல் இருந்த கோபம் அத்தோடு போய்விட்டது.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கள். பிள்ளையின் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிடுங்கள். நம்மூர் கண்டக்குழி வெயிலுக்கு அதுதான் நல்லது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது.

உங்கள்
ஜூலியானா