ஆனந்தத்தில் இருக்கிறவருக்கு

உங்களுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தங்கியிருக்கும் ஆசிரமத்துக்கு வந்திருந்தேன். பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கும் உங்கள் அப்பாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மூன்று பஸ் மாறி வந்தேன். நீங்கள் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தீர்கள். வாசலில் நின்ற பெண், "அவரு ஆனந்தத்துல இருக்காருங்க, இப்பக் கூப்புடக் கூடாதுங்க" என்றாள். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

முன்பு கூட்டாளிகளோடு கோவா போனீர்கள், குடித்தீர்கள். கேட்டால், "மனசுக்குச் சந்தோசம் வேண்டாமா?" என்பீர்கள். இப்போது சாமி பெயரைச் சொல்லி அதையேதான் தேடுகிறீர்கள். அன்றும் இன்றும் பனியன் கம்பெனியில் தைத்துவிட்டு வந்து வீட்டைப் பார்ப்பவள் நான்தான்.

செவ்வாய்க்கிழமை மாமாவுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது நாளாகப் பேசாதவர் என் கையைப் பிடித்து, குழறிக் குழறி, "நீ சாப்ட்டியா கண்ணு?" என்றார். அழுதேன், சிரித்தேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எந்தக் குருவும் அதை எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நேரம் உங்கள் மேல் கோபம்கூட இல்லை. கை கழுவியதும் வந்துவிட்டது.

வருவதானால் வாருங்கள். அவரைத் தூக்கிக் குளிப்பாட்ட என் ஒருத்தியால் முடியவில்லை. ஆனந்தம் கிடைக்கும் என்று நினைத்து மட்டும் வராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்