கட்டை தொட்ட இடம்

2061 நவம்பர் 3, காலை 9.40
தூத்துக்குடிக்கு வெளியே பன்னிரண்டு மைல். மாலுமி இல்லாத சரக்குக் கப்பல், நங்கூரத்தில். ஆய்வாளர்: பூரணவல்லி. துறைமுகத்துக்குள் விடலாமா என்று கப்பலின் அடிப்பகுதியைச் சோதிக்க வந்திருக்கிறேன். என்னைக் கொண்டுவந்த படகு பக்கத்தில் ஒட்டிக் கட்டி நிற்கிறது. படகுக்காரர் ஜெபமாலை தூண்டில் போட்டிருக்கிறார். கேமராவை இறக்கினேன். சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட் புதிது. பளபளப்பு.

மதியம் 1.15
பளபளப்புக்கு நடுவே நாற்பது சதுரங்கள். பழுதுபார்க்கும்போது கப்பலைத் தாங்கிய கட்டைகள் இருந்த இடம். அங்கே மட்டும் பெயிண்ட் ஏறவில்லை. அத்தனையிலும் கறுப்புச் சிப்பி. நான் பார்த்திராத வகை. கேமராவில் இருந்த கத்தியால் சுரண்டிக் கொஞ்சம் சோதனைக்கு எடுத்தேன். தண்ணீர் கலங்கியது.

ரேடியோவில் ஜெபமாலை: "என்ன தாயி, கப்பலுக்குத் தாடி வளந்திருக்கா? சவரம் பண்ணாம உள்ள விட மாட்டியோ?"

என் சோதனைப் பெட்டி முடிவு சொல்ல இரண்டு நாள் ஆகும். நான் கப்பலிலேயே தங்கிக்கொண்டு படகைத் திருப்பி அனுப்பினேன்.

நவம்பர் 5, காலை 7.00
முடிவு வந்தது. ஒட்டிக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். ஒரு வாரத்தில் பல்கிவிடும். கரையை அடைந்தால் சங்குப் படுகையும் பவளப்பாறையும் மூச்சு முட்டிச் சாகும். இந்தக் கப்பலை எந்தப் படகும் நெருங்கக் கூடாது என்று உத்தரவிட்டேன். மூன்றாம் தேதி இரவிலிருந்து பலத்த காற்று; அது தணிந்தால்தான் என்னை ஏற்றிப்போக ஹெலிகாப்டர்.

நவம்பர் 8, மாலை 4.20
கடல்நீர்க் குழாய்கள் அடைத்துவிட்டன. ஜெனரேட்டர் சூடாகி நின்றது. குடிநீர் இயந்திரமும். ஒன்பது லிட்டர் மிச்சம். இரும்புச் சுவருக்கு அப்பால் சோறு கொதிப்பது போல ஒரு சத்தம். சிப்பிகளின் ஓடுகள் திறந்து மூடுகின்றன. தீவுகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். தீவாக இருப்பது வேறு.

நவம்பர் 11, மாலை 5
ஜெபமாலை: "நான் வாரேன் தாயி. ஒன் உத்தரவத் தூக்கிக் கடல்ல போடு."
நான்: "வராதிய அண்ணாச்சி. ஒங்க படகுல ஒட்டிக்கிட்டு அது ஊருக்குள்ள வந்துரும்."
"ஒங்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்ல?"
ரேடியோவை அணைத்தேன்.

நவம்பர் 12
அரை லிட்டர். உதடு வெடித்து எரிகிறது. கரை சுத்தமாக இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

நவம்பர் 13, காலை 6.05
காற்று அடங்கிவிட்டது. எட்டு மணிக்கு ஹெலிகாப்டர்.

ஜெபமாலை: "ஒம்பேச்சக் கேக்காம கெளம்பிட்டேன் தாயி. பத்து நாளா கட்டியே கெடந்த படகு, தொறமொக வாயத் தாண்டல, இஞ்சின் சூடாயி நின்னுட்டு. தண்ணி இழுக்குற சல்லடையக் கழட்டிப் பாத்தா ஒரே கறுப்புச் சிப்பி. நீ சொன்னது இதானா?"

படகை எங்கே கட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"வேற எங்க? மீன்பிடித் தொறையிலதான். நானூறு போட்டுக்கு நடுவுல. காத்து அடங்கவும் முக்காவாசி ராத்திரியே கடலுக்குப் போயிட்டு. ஏன் தாயி? தாயி?"

இதைப் படிப்பவருக்கு: கப்பலின் அடியில் ஒவ்வொரு அங்குலமும் பார்த்தேன். என்னைக் கொண்டுவந்த படகின் அடியை