பதினான்கு கிலோ

ஜனவரி 8
திருப்பதி ஆஸ்பத்திரி தராசில் ஏறினேன். தொண்ணூற்றெட்டு. தங்கை மஞ்சுவுக்கு நான் கிட்னி தருவதாக முடிவாகி, எல்லாச் சோதனையும் ஒத்துவந்துவிட்டது. ஒத்துவராதது என் தொப்பைதான். எண்பத்து நாலுக்கு இறங்கினால்தான் ஆபரேஷனாம். எங்கள் ஊர் நகரிக்குத் திரும்பும் பஸ்ஸில் மஞ்சு என் விலாவில் குத்தினாள். "இனிமே அது என்து. எண்ணெயில போட்டு வறுக்காத." டயாலிசிஸ் முடிந்து வருகிறவளுக்கு இவ்வளவு வாயா!

ஜனவரி 14
ஆறு நாளாக வெள்ளரிக்காயும் மோரும். இன்று நான் வேலை பார்க்கும் தறி ஷெட்டில் கண் இருட்டி நூல் மூட்டைமேல் விழுந்தேன். நல்லவேளை, மெத்தென்று இருந்தது.

ஜனவரி 17
ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லித் தரும் கோதா மேடம் பிடித்துத் திட்டினார். "பட்டினி கிடக்கவா சொன்னேன்? வாரத்துக்கு அரைக் கிலோ குறைஞ்சா போதும்." பாதித் தட்டுக்குக் காய், ஒரு கப் சோறு, பருப்பு. இரவில் சோள ரொட்டி. காலையில் நடை. ஆயுசுக்கும் சாப்பிட முடிவதைத்தான் சாப்பிட வேண்டுமாம்.

மார்ச் 3
கோவிந்தம்மாள் கடை மைசூர் போண்டா. நாலு. எழுதவே வெட்கம் — ஆனால் சூடாக இருந்ததே! வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் மஞ்சு உற்றுப் பார்த்தாள். "மீசையில சட்னி." என் மனைவி ரேகா சிரித்துவிட்டாள். மஞ்சு சிரிக்கவில்லை. "நீ துன்னுண்ணா. நான் அந்த மிஷினோடயே குடும்பம் நடத்திக்கினு இருக்கேன்."

இன்று சோறு இறங்கவில்லை.

மார்ச் 5
போண்டாவை அடியோடு விட்டேனா? அவ்வளவு நல்லவன் இல்லை. ஞாயிறுக்கு ஒன்று என்று கோதா மேடத்திடம் அனுமதி வாங்கினேன். கோவிந்தம்மாளிடமும் சொல்லிவைத்தேன். "ரெண்டாவது கேட்டா கரண்டியாலயே போடுவேன் தம்பி" என்றாள்.

மே 11
தொண்ணூற்றொன்று. விடியற்காலையில் ஸ்டேஷன் வரை நடை. மஞ்சுவும் வருகிறாள் — பெஞ்சு வரை. அங்கே உட்கார்ந்துகொண்டு, மாடு ஓட்டுவதுபோல் என்னை "ஹை, ஹை" என்கிறாள்.

ஜூன் 20
மூன்று வாரமாக எண்பத்தொன்பதிலேயே நிற்கிறது. தராசை ஒரு தட்டுத் தட்டினேன். ரேகா சொன்னாள்: "அத ஏன் அடிக்கிறீங்க? டீவி பாத்துக்கினே துன்ற முறுக்க எண்ணுங்க."
எண்ணினேன். பதினொன்று! நான்தானா?

ஆகஸ்ட் 27
எண்பத்து மூன்றே முக்கால். டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். எழுந்து கும்பிட்டேன், பேண்ட் நழுவியது. ஒரு கையால்தான் கும்பிட முடிந்தது.

செப்டம்பர் 16
நாளை ஆபரேஷன். பயம்தான். மஞ்சுவிடம் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 24
மாஸ்க் மாட்டி, மஞ்சுவின் அறைக்குள் விட்டார்கள். மூன்று வருடமாக அவளுக்கு நாளெல்லாம் சேர்த்து அரை லிட்டர் தண்ணீர்தான் அளவு. கிட்னி வேலை செய்யத் தொடங்கிவிட்டதால் இப்போது நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிலைத் தூக்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். வழிந்து கழுத்தெல்லாம் ஈரம்.
"இன்னாண்ணா, பாத்துக்கினே நிக்கிற?"
"ஒண்ணுமில்ல. குடி."
அடுத்த பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.